தோட்டத்துத் தாய்மாருக்குச் சொல்லாமல் விடப்பட்டது

டயகமவில் பாதை முடிந்துவிடும். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று ஏறிவரும் பஸ் இங்கே வந்து திரும்பிவிடும். அதற்கு அப்பால் தேயிலை, அதற்கும் அப்பால் ஹோட்டன் சமவெளிக் காடு.

இப்படிப்பட்ட இடத்தில் படிப்பிக்கும் ஆசிரியனுக்கு நியமனக் கடிதத்தில் இல்லாத வேலையொன்று உண்டு. அது கடதாசி வாசித்துக் கொடுப்பது. அடகுக்கடை நோட்டீஸ், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், பொலிஸ் துண்டு, ஆஸ்பத்திரிக் காட் எல்லாம் எங்களிடம் வரும். பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் இரண்டு மூன்று தாய்மார் நிற்பார்கள்.

2004ஆம் ஆண்டு, ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி முடித்து வந்த புதிதில், என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் அப்படி வந்து நின்றார். கையில் ஒன்றரை மாதக் குழந்தை. மூன்றாவது பிள்ளை, வயிற்றில் வெட்டி எடுத்தார்களாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசியை நீட்டி, "சேர், இதுல என்னா எழுதியிருக்கு?" என்றார். எல்லாம் ஆங்கிலத்தில், டொக்டரின் அவசரக் கையெழுத்தில் இருந்தது. அதில் எல்.ஆர்.டி. என்று மூன்றெழுத்து. எனக்கு விளங்கவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். பிள்ளை உண்டாகாமல் கருக்குழாயைக் கட்டிவிடும் சத்திரசிகிச்சை என்றார்.

மறுநாள் அந்தத் தாய் வந்தார். எனக்கு வாய் வரவில்லை. கலியாணமாகாத வாலிபன், முஸ்லிம் வாத்தியார், இதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றேன். பின்னேரம் அவர் வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியும் சேர். கையெழுத்து நான்தானே போட்டேன்."

நாலைந்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். கோபம் இல்லை. "எனக்கு மூணு போதும்னு நானே நெனச்சிருந்தேன் சேர். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். என்கிட்ட யாருமே கேக்கலையே. நீங்களும் அவருகிட்டத்தானே சொன்னீங்க."

டொக்டருக்குத் தெரிந்தது, புருஷனுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. உடம்புக்குரியவளுக்கு மட்டும் கடைசியில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது. இந்த மலைகளில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இருநூறு வருடச் சரித்திரம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது? எனக்குத் தெரிந்தவரையில் விடை தேடிப் பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் தோட்டத்துப் பிரசவம் லயத்துக்குள்ளேயே நடந்தது. ஒரே காம்பிரா, அதிலே அடுப்பு, அதிலே படுக்கை, அதிலே பிரசவம். பார்த்தவள் லயத்தின் மூத்த மருத்துவச்சி. அவளுடைய கையில் தாயும் பிள்ளையும் செத்ததுண்டு. துருப்பிடித்த கத்தியால் தொப்புள் அறுத்து ஜன்னி கண்டதுமுண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அவளிடம் ஒன்று இருந்தது. வலி எடுத்த பெண்ணோடு அவளுடைய பாஷையில் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தாள். இப்போது என்ன நடக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம், எப்போது முக்க வேண்டும், எப்போது கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சட்டம் தோட்டத்துக்குள் வந்தது 1872இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டத்தோடு. கோப்பித் தோட்டங்களில் ஆட்கள் நோயால் செத்துக் கொட்டியதன் விளைவு அது. தாய்மாரைப் பற்றித் தெளிவாகப் பேசியது 1912இன் 10ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் நோய்கள் பற்றியது. தோட்டத்தில் பிள்ளை பெறும் பெண்ணுக்கு ஒரு மாதம் போதிய உணவும் உறைவிடமும் கிடைக்கத் துரை பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் தகுதி என்று சொன்னாலொழிய அந்த மாதத்தில் வேலைக்கு அழைக்கக் கூடாது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியிருந்தவளுக்கு இது பெரிய காரியம்தான். ஆனால் சட்டம் யாரோடு பேசுகிறது என்று கவனியுங்கள். துரையோடு பேசுகிறது, வைத்தியரோடு பேசுகிறது. பெண் அதிலே பராமரிக்கப்படும் ஒரு பொருள். அவள் உடம்பு தேறிவிட்டதா என்பதை அவளிடம் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை.

அடுத்தது 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம். பிரசவித்த தொழிலாளிக்கு முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்றது. தோட்டங்களுக்கு ஒரு மாற்று வழியும் வைத்தது: பிரசவ விடுதியும் பயிற்சி பெற்ற மருத்துவமாதும் உணவும் ஏற்பாடு செய்தால், பணத்தில் ஒரு பகுதிக்கு அவை ஈடாகலாம். பல தோட்டங்களில் பிரசவ விடுதிகள் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதே சட்டத்தில் பிற்காலத்தில் ஒரு கணக்குப் புகுந்தது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள் லீவு, மூன்றாவதிலிருந்து 42 நாள். மூன்றாம் பிள்ளையைப் பெற்றவளின் உடம்பு பாதி நேரத்தில் தேறிவிடுமா என்று யாரும் கேட்கவில்லை. 2018இல் வந்த திருத்தம்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாள் என்று சரிசெய்தது.

தோட்டத்துக்கு வெளியே, நாட்டின் மற்றப் பகுதிகளில் வேறொரு சரித்திரம் நடந்தது. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாக நடந்து போய், கர்ப்பிணியின் திண்ணையில் உட்கார்ந்து பேசும் முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. இலங்கையின் சாதனை என்று உலகம் இன்று மெச்சுவதன் அடித்தளம் இந்தத் திண்ணைப் பேச்சு. 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், இன்று அத்தொகை சில பத்துகளுக்குள் வந்திருக்கிறது. கனடாவிலிருந்து வந்து இந்த நாட்டுப் பெண்ணாகவே வாழ்ந்து மறைந்த டொக்டர் மேரி இரத்தினம் (1873 - 1962) மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் புத்தகம் எழுதினார். நோய் வரும் முன்பே அறிவு போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் திண்ணைப் பேச்சு தோட்டத்துக்கு மிகப் பிந்தியே வந்தது. தோட்டச் சுகாதாரம் கம்பனிக்குரியது, அரச சேவையின் எல்லைக்கு வெளியே என்று நெடுங்காலம் இருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்த பிறகுதான் அரச சுகாதார சேவையோடு இணைப்பு மெல்ல மெல்லத் தொடங்கியது.

அந்த இணைப்போடு சேர்ந்து வந்தது குடும்பக் கட்டுப்பாடு. 1980ஆம் ஆண்டு முதல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. 100 ரூபாவில் தொடங்கியது பின்னர் 500 ரூபா வரை போனது. நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த நாளில் 500 ரூபா எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதன்பின் வந்த கணக்கெடுப்புகளில், நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்திலேயே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களின் வீதம் கூடுதலாக இருந்தது. இங்குள்ள மூத்த பெண்கள் அதை இப்போதும் "ஒப்பரேஷன் காலம்" என்பார்கள். பெயர் எழுதியது, வாகனம் ஏற்றியது, காசு கொடுத்தது எல்லாம் நினைவிருக்கிறது. என்ன செய்தார்கள், அதைத் திருப்ப முடியுமா, வேறு வழி இருந்ததா என்று சொல்லித் தந்தவர் யார் என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலையகத் தமிழரின் தொகை குறைந்ததற்கு இந்த ஒப்பரேஷன்தான் காரணம் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். 1953இல் சனத்தொகையில் 12 வீதமாக இருந்தவர்கள் 1981இல் 5.5 வீதமானார்கள். இதற்குப் பிரதான காரணம் 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. மேலும், சிறு குடும்பத்தைத் தாமே விரும்பிய பெண்களும் ஏராளம். என்னிடம் வந்த தாயும் அப்படித்தான். பிள்ளை வேண்டாம் என்பது பிழையில்லை. அதை அவள் வாயிலிருந்து கேட்காமல் செய்ததுதான் பிழை. எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசும்போது, இனத்தின் பெயரால் பேசுபவர்களும் அந்தப் பெண்ணை இன்னொரு முறை தாண்டிப் போகிறோம்.

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய கதையன்று. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், ஜனாதிபதி புஜிமோரியின் ஆட்சியில், 1996 முதல் 2000 வரை இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் ஏராளமானோர் அந்தீஸ் மலைக் கிராமங்களின் ஏழைகள், கெச்சுவா பேசுபவர்கள். ஆஸ்பத்திரியின் மொழியோ ஸ்பானிஷ். மலை, வறுமை, ஆஸ்பத்திரிக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி. டயகமவில் இருந்து வாசிப்பவனுக்கு இது தூர தேசமாகத் தோன்றாது. அங்கு பலர் தமக்குச் சம்மதம் கேட்கப்படவில்லை என்று இருபது வருடத்துக்கும் மேலாக வழக்காடுகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது.

எங்கள் நாட்டிலேயே, 2013 ஓகஸ்ட் மாதம் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் தாய்மாரை வரவழைத்து, போதிய விளக்கமில்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் அறிக்கையிட்டன.

ஏழைக்கும் சிறுபான்மைக்கும் மட்டும்தான் இப்படி நடக்கும் என்பதுமில்லை. ஸ்கொட்லாந்தில் நடின் மொன்ட்கொமரி என்ற படித்த பெண், நீரிழிவு உள்ளவர், 1999இல் பிள்ளை பெற்றார். நீரிழிவுள்ள தாயின் பிள்ளை பருத்துத் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் நூற்றுக்கு ஒன்பது, பத்து என்று டொக்டருக்குத் தெரியும். சொன்னால் பெண்கள் சத்திரசிகிச்சையைக் கேட்பார்கள் என்று எண்ணிச் சொல்லவில்லை. தோள் சிக்கியது, பிள்ளைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. 2015 மார்ச்சில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதை வைத்தியரின் வழக்கம் தீர்மானிக்கக் கூடாது. அந்த நிலையிலுள்ள பெண்ணொருத்தி எதை முக்கியமாகக் கருதுவாளோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். உலக சுகாதார ஸ்தாபனமும் 2014இல், பிரசவ விடுதிகளில் பெண்களைத் திட்டுவது, அடிப்பது, சம்மதமில்லாமல் சிகிச்சை செய்வது ஆகியவற்றை உரிமை மீறல் என்றே அறிவித்தது.

இனி எங்கள் சமூகத்தைச் சுட்ட ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்கு அடுத்த மாதம், நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு ஒரு முஸ்லிம் வைத்தியர் இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு பத்திரிகை தலைப்புச் செய்தி போட்டது. குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தார்கள். ஆதாரம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே அவ்வருடம் ஜூனில் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் அவர் பிணையில் வந்தார். 2022இல், நாட்டில் மருந்து இல்லாமல் மக்கள் தவித்த நேரம், தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளம் ஏறத்தாழ 26 இலட்சம் ரூபாவை மருந்து வாங்க அரசுக்கே கொடுத்தார்.

அந்தப் பொய்யை மூட்டியது இனவாதம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முறைப்பாடு செய்யப் போன அந்தப் பெண்களைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர்கள் எல்லோரும் இனவாதிகளா? வயிற்றில் ஒரு தழும்பு இருக்கிறது. உள்ளே என்ன செய்தார்கள் என்று யாரும் இருந்து சொல்லவில்லை. கொடுத்த கடதாசி ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவளிடம் பத்திரிகை எதைச் சொன்னாலும் நம்பத்தான் செய்வாள். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வதந்தி வந்து குடியேறுகிறது. தோட்டத்துப் பெண்ணுக்குச் சொல்லாதது அவளைப் பாதித்தது. சிங்களத் தாய்க்குச் சொல்லாதது ஒரு முஸ்லிம் வைத்தியரின் தலையில் வந்து விழுந்தது. ஆகவே இதை இன்னொரு சமூகத்தின் பிரச்சினை என்று நாங்கள் ஒதுக்க முடியாது.

எங்கள் மார்க்கத்தின் கண்ணால் பார்த்தாலும் இது புதிய விஷயமன்று. குர்ஆன் ஒரு பிரசவத்தை விரிவாகச் சொல்கிறது. மர்யம் (அலை) தன்னந்தனியே, பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் வேதனையில் இருக்கிறார். அப்போது முதலில் வருவது மருந்தன்று; ஒரு குரல். கவலைப்படாதே என்கிறது. கீழே நீரோடை இருக்கிறது என்று அறிவிக்கிறது. மரத்தை உலுக்கு, பழம் விழும், உண், பருகு என்று வழி சொல்கிறது. மனிதர்களைக் கண்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. ஆறுதல், தகவல், அடுத்தது என்ன என்ற வழிகாட்டல். பிரசவம் பார்ப்பவர் பெண்ணுக்குச் செலுத்த வேண்டிய கடன் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

எங்கள் முன்னோரும் பிரசவத்தை அற்பமாக எண்ணவில்லை. குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936 - 1013) தமது 'அத்தஸ்ரீப்' நூலின் சத்திரசிகிச்சைப் பகுதியில், சிக்கலான பிரசவங்களை எப்படிப் பார்ப்பது என்று மருத்துவச்சிகளுக்குக் கற்பிக்கவே தனி அத்தியாயம் வைத்தார். இப்னு கல்தூன் (1332 - 1406) தமது முகத்திமாவில் மருத்துவச்சியின் தொழிலுக்கு ஒரு பகுதி ஒதுக்கினார்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் மார்க்கம் இது. பொன்னும் காணியும் மட்டும்தான் அமானிதமா? ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி வைத்தியருக்குத் தெரிந்த விஷயமும் அமானிதம்தான். அதன் சொந்தக்காரி அவள். புருஷனிடம் கொடுத்தால் கொடுத்ததாகாது. வாத்தியாரிடம் கொடுத்தாலும் கொடுத்ததாகாது.

ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களைக் குற்றம் சொல்வது இலகு. மழையிலும் அட்டைக்கடியிலும் லயம் லயமாக ஏறி இறங்கும் மருத்துவமாதரை நான் தினமும் காண்கிறேன். ஒருவருக்கே பல டிவிஷன்கள். தமிழ் தெரிந்தவர்கள் போதாது. தெரியாமல் வந்து, தாய்மாரிடமே தமிழ் பழகி, அன்பாகப் பேசும் சிங்களப் பெண்களும் இருக்கிறார்கள். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு 1987இல் சொன்னது. அந்தச் சொல் பிரசவ அறையின் கட்டில்வரை போய்ச் சேர வேண்டும் என்பதே கேள்வி. அதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. வலி எடுத்த நேரத்தில் கையெழுத்து வாங்காமல், கர்ப்பகால கிளினிக்கிலேயே ஆறுதலாகப் பேசுவது. என்ன செய்தோம் என்பதை வீட்டுக்குப் போகும் நாளில் இரண்டு வரி தமிழில் எழுதிக் கொடுப்பது. கேள்வி கேட்டால் எரிந்து விழாமலிருப்பது. இவ்வளவுதான்.

மற்றப் பாதி எங்களிடம் இருக்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் மனித இனப்பெருக்கம் பற்றிய பாடம் வரும்போது, "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிய ஆசிரியர்கள் எத்தனை பேர்? நானும் புரட்டியிருக்கிறேன். 2004இல் அந்தக் கடதாசியோடு வந்தாரே, அவருடைய மூத்த மகள் பின்னர் என் வகுப்பில் இருந்தபோதும் அப்படித்தான் புரட்டினேன். தாயை ஒருமுறை தாண்டிப் போனவன், மகளையும் தாண்டினேன். அவளுக்கு வீட்டில் வாசித்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

சில வருடங்களாக அந்தப் பாடத்தைப் புரட்டாமல் படிப்பிக்கிறேன். முதல் நாள் பின்வாங்கில் சிரிப்பு வரும். இரண்டாம் நாள் நின்றுவிடும். மூன்றாம் நாள் கேள்வி வரும்.

அந்த மகள் இப்போது கர்ப்பிணி. சென்ற மாதம் பஸ் நிற்கும் இடத்தில் கண்டேன். கிளினிக் காட்டைத் தானே விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் கேட்டாள். அவளுடைய புருஷனும் பக்கத்தில்தான் நின்றார். நான் அவளிடம் சொன்னேன்.